“ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” – இந்த ஒரு வரிக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கணும்?



ராத்திரி 10:40. ஸ்ரீபெரும்புதூர்ல ஷிஃப்ட் முடிச்சு, கம்பெனி பஸ் பிடிச்சு, திருத்தணியில இறங்கி இப்பதான் வீட்டுக்கு வந்திருக்கீங்க. கை கழுவிட்டு சாப்பிட உட்காரும்போது உள்ளே இருந்து ‘தொப்’புன்னு ஒரு சத்தம். ஒரு வயசு நாலு மாசக் குழந்தை கட்டில்ல இருந்து விழுந்துட்டா. ரெண்டு நிமிஷம் வீறிட்டு அழுதா. அப்புறம் அம்மா தோள்ல சாஞ்சு அமைதியாயிட்டா. தலையோட பக்கவாட்டுல, காதுக்கு மேல, ஒரு சின்ன வீக்கம்.

உங்க அம்மா சொல்றாங்க: “விழாம வளர்ற புள்ள எங்கடா இருக்கு? கொஞ்சம் தண்ணி தொட்டு வை, சரியாயிடும்.”

உங்க மனைவி சொல்றாங்க: “எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க.”

நீங்க போனை எடுத்து பேங்க் ஆப்பைத் திறக்கறீங்க. தேதி 24. பேலன்ஸ் 1,840 ரூபா. உடனே உங்க வாயில இருந்து வர்ற வார்த்தை: “காலையில பார்த்துக்கலாமா?”

இங்கதான் ஒரு நிமிஷம் நிறுத்தணும். இந்தக் கேள்வி குழந்தையைப் பார்த்து வந்ததா, பேலன்ஸைப் பார்த்து வந்ததா?

நம்மில் பல பேருக்கு இது பேலன்ஸைப் பார்த்துதான் வரும். அது தப்பான அப்பா-அம்மாங்கிறதால இல்ல. இந்தச் செலவுக்குன்னு பட்ஜெட்ல ஒரு வரி கூட இல்லாததால. ஸ்கூல் ஃபீஸுக்கு வரி இருக்கு, பைக் இஎம்ஐக்கு வரி இருக்கு, ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கும் வரி இருக்கு. ‘எதுக்கும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்’ங்கிறதுக்கு மட்டும் இல்ல. இன்னைக்கு அந்த வரியை எழுதக் கத்துக்கலாம்.

பாடம் 1: இது வீண் செலவா? ஆயிரம் குழந்தைகளை வச்சு யோசிங்க

எமர்ஜென்சிக்குப் போய் 3 மணி நேரம் உட்கார்ந்து, டாக்டர் “ஒண்ணும் இல்ல”ன்னு சொல்லி அனுப்பினா, திரும்பி வரும்போது ஆட்டோவுல ஒரு எண்ணம் வரும்: “சும்மாவே ரெண்டாயிரம் போச்சே!”

தலையில அடிபட்ட குழந்தைகளைப் பத்தி அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 25 மருத்துவமனைகளோட எமர்ஜென்சிக்கு வந்த 42,412 குழந்தைகள். 2009-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ்ல வெளியாச்சு. எல்லாரும் பார்வைக்கு ஓரளவு நல்லா இருந்த, நினைவோட இருந்த குழந்தைகள்தான். அதுல மூளையில முக்கியமான பாதிப்பு இருந்தது 376 பேருக்கு. அதாவது 0.9%. மூளையில ஆபரேஷன் தேவைப்பட்டது 60 பேருக்கு, 0.1%.

இதை ஆயிரம் பேருக்கு மாத்திப் பாருங்க. ஆயிரத்துல 991 குடும்பம் “ஒண்ணும் பெருசா இல்ல”ன்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போகும். 9 குடும்பத்துக்கு அந்த ராத்திரி போனது வாழ்க்கையையே காப்பாத்தும். பிரச்சனை என்னன்னா, கட்டில் பக்கத்துல நிக்கும்போது நாம அந்த 991-ல இருக்கோமா, 9-ல இருக்கோமான்னு நமக்குத் தெரியாது.

டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்து, பாலிசி முடியற வரைக்கும் உயிரோட இருந்தா “பிரீமியம் வேஸ்ட்”னு யாராவது அழுவாங்களா? இதுவும் அதேதான். “ஒண்ணும் இல்ல”ங்கிற பதில்தான் நாம காசு கொடுத்து வாங்கற பொருள். அது கிடைச்சா, வாங்கின பொருள் கைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்.

அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுது. எந்தக் குழந்தைக்கு சிடி ஸ்கேன் தேவையில்ல, கவனிச்சுப் பார்த்தாலே போதும்னு முடிவு பண்ண டாக்டர்களுக்கு ஒரு வழிமுறையை அது கொடுத்தது. அதனால டாக்டர் ஸ்கேன் எழுதாம “4 மணி நேரம் இங்கயே வச்சுப் பார்ப்போம்”னு சொன்னா, அவர் ஏனோதானோன்னு பார்க்கறார்னு நினைக்காதீங்க. கவனிச்சுப் பார்க்கறதும் ஒரு சிகிச்சைதான். குழந்தைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சும் மிச்சம், உங்களுக்கு ஸ்கேன் செலவும் மிச்சம்.

பாடம் 2: பேலன்ஸ் பார்க்கவே கூடாத நேரங்கள்

நான் டாக்டர் இல்ல. கீழே இருக்கறது உலக சுகாதார நிறுவனமும் குழந்தை மருத்துவர்களும் பொதுவா சொல்ற ஆபத்து அறிகுறிகள். இதைப் படிச்சு மனசுல வச்சுக்குங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் ‘எதுக்கும் காட்டலாம்’ கிடையாது, உடனே கிளம்பணும்.

• பால், தண்ணி எதையும் குடிக்க முடியல, அல்லது குடிச்சதெல்லாம் வாந்தியா வருது.
• வலிப்பு வந்தது.
• எழுப்பினாலும் சரியா முழிக்கல, துவண்டு கிடக்கு.
• மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குது. அல்லது மூச்சு ரொம்ப வேகம்: 2 மாசத்துக்குள்ள நிமிஷத்துக்கு 60, 2 மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள 50, ஒரு வயசுல இருந்து 5 வயசுக்குள்ள 40, அல்லது இதுக்கு மேல.
• 3 மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதுக்கு மேல காய்ச்சல்.
• பட்டன் பேட்டரி, எலி மருந்து, மண்ணெண்ணெய், பெரியவங்க மாத்திரை – எதையாவது முழுங்கிடுச்சு, அல்லது முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம். வீட்டுல வாந்தி எடுக்க வைக்காதீங்க. டப்பாவையோ அட்டையையோ கையோட எடுத்துட்டுப் போங்க.
• பாம்பு கடி, தேள் கடி. நாய், குரங்கு கடிச்சா முதல்ல 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு, உடனே கிளம்புங்க.

தலையில அடிபட்டா கூடுதலா கவனிக்க வேண்டியது: நினைவு தப்பினது, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கம்போல இல்லாம இருக்கறது. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு மூணு அடிக்கு மேல உயரத்துல இருந்து விழுந்தது, நெத்தியில இல்லாம தலையோட பக்கவாட்டுலயோ பின்பக்கமோ வீக்கம் – இதுவும் டாக்டர்கள் முக்கியமா கேட்கற விஷயம். மேல சொன்ன காட்சியில அந்தக் குழந்தைக்கு வீக்கம் எங்க இருந்தது? காதுக்கு மேல. அப்போ “காலையில பார்த்துக்கலாமா”ங்கிற கேள்விக்கே இடம் இல்ல.

சளி, லேசான காய்ச்சல், ஆனா பால் குடிக்குது, விளையாடுது, சிரிக்குது – இது மறுநாள் குழந்தை டாக்டர்கிட்ட காட்டற கேஸ். குழப்பமா இருந்தா தமிழ்நாடு அரசோட 104 மருத்துவ ஆலோசனை எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்க. கேட்டும் மனசு ஆறலையா? கிளம்பிடுங்க. தினமும் குழந்தையைப் பார்க்கற அம்மாவுக்கு “இவ வழக்கம்போல இல்ல”ன்னு தோணினா, அதை டாக்டர்களே ஒரு அறிகுறியா எடுத்துக்கறாங்க.

பாடம் 3: “கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கே!” – இதுக்கு அது வராது

நம்ம சேனலுக்கு வர்ற இளம் அப்பாக்கள் அதிகமா ஏமாறுற இடம் இது. கம்பெனி கொடுத்த 3 லட்சம், 5 லட்சம் கவர் இருக்கு. அதனால எல்லா ஆஸ்பத்திரி செலவும் வந்துடும்னு நினைப்பு.

பாலிசி பத்திரத்துல ‘ஹாஸ்பிடலைசேஷன்’னா என்னன்னு எழுதியிருப்பாங்க. குறிப்பிட்ட சில சிகிச்சைகளைத் தவிர, குறைஞ்சது தொடர்ந்து 24 மணி நேரம் உள்நோயாளியா இருக்கணும். எமர்ஜென்சியில 4 மணி நேரம் படுக்க வச்சுப் பார்த்து அனுப்பினா அது இந்தக் கணக்குல வராது. அது வெளிநோயாளிச் செலவு, அதாவது ஓபிடி. அடிப்படை பாலிசியில ஓபிடி கவர் பெரும்பாலும் இருக்காது.

“அப்போ டாக்டர்கிட்ட சொல்லி 24 மணி நேரம் அட்மிட் போட்டுட்டா?” – இந்த யோசனை ஆஸ்பத்திரி வராண்டாவுல யாராவது ஒருத்தர் சொல்லாம இருக்க மாட்டார். வேணாம். மூணு காரணம்.

ஒண்ணு, ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குகள்ல ‘எக்ஸ்க்ளூஷன் 04’னு ஒண்ணு இருக்கு. பரிசோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே செஞ்ச அட்மிஷனுக்குப் பணம் தர மாட்டோம்னு அது சொல்லுது. தேவையில்லாத அட்மிஷன்னு தெரிஞ்சா கிளைம் நிராகரிக்கப்படும். அப்போ 2,500 ரூபாயில முடிய வேண்டியது 15,000 ஆகி, அதுவும் உங்க தலையில விழும்.

ரெண்டு, சொந்தமா எடுத்த பாலிசியா இருந்தா, சின்ன கிளைமுக்காக நோ கிளைம் போனஸ் குறையலாம்.

மூணு, இதுதான் முக்கியம்: தேவையே இல்லாம ஒரு குழந்தை கையில ஊசி ஏத்தி, மத்த நோயாளிகள் நடுவுல ஒரு ராத்திரி படுக்க வைக்கறோம். காசை மிச்சம் பண்ண குழந்தையைப் பயன்படுத்தக் கூடாது.

டாக்டரே மருத்துவக் காரணத்தோட அட்மிட் பண்ணச் சொன்னா அது வேற. அப்போ தாராளமா இன்ஷூரன்ஸைப் பயன்படுத்துங்க. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூணு மணி நேரத்துக்குள்ள தரணும்னு 2024 மே மாசம் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டிருக்கு. அட்மிட் ஆன உடனே கம்பெனிக்கோ டிபிஏவுக்கோ தகவல் சொல்லிடுங்க.

இன்னும் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்:

எமர்ஜென்சி பில்லைத் தூக்கிப் போடாதீங்க. இன்னைக்கு “ஒண்ணும் இல்ல”ன்னு அனுப்பி, நாலு நாள் கழிச்சு அதே பிரச்சனைக்காக அட்மிட் ஆக வேண்டி வந்தா, முதல் நாள் பில்லை ‘அட்மிஷனுக்கு முந்தைய செலவு’ன்னு கிளைம் பண்ணலாம். பல பாலிசிகள்ல இது 30 நாள் வரைக்கும் உண்டு. பில், டாக்டர் சீட்டு, ரிப்போர்ட் மூணையும் அங்கேயே போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

சில புது பாலிசிகள்ல 2 மணி நேர அட்மிஷனுக்கே கவர் இருக்கு. ஏஜென்ட் வாயால சொன்னா போதாது. பத்திரத்துல அந்த வரியைக் காட்டச் சொல்லுங்க.

ஓபிடி ரைடரைக் கணக்குப் போட்டு வாங்குங்க. வருஷம் 4,000 ரூபா கூடுதல் பிரீமியம் வாங்கிட்டு 5,000 ரூபா லிமிட் கொடுத்தா, அது இன்ஷூரன்ஸ் இல்ல, உங்க காசையே உங்களுக்குத் தவணையில திருப்பித் தர்றது. அதுக்கு நாமளே தனியா சேர்த்து வைக்கலாம்.

இஎஸ்ஐ இருக்கா? மாசச் சம்பளம் 21,000 ரூபாக்குள்ள இருந்தா, உங்க சம்பளத்துல 0.75%, முதலாளி பக்கம் 3.25% போகுது. 21,000 சம்பளத்துக்கு உங்க பங்கு வெறும் 157 ரூபா 50 காசு. இதுல குழந்தைக்கும் வெளிநோயாளி சிகிச்சை உட்பட மருத்துவம் உண்டு, செலவுக்கு உச்சவரம்பு இல்ல. ஆனா உங்க இஎஸ்ஐ விவரத்துல குழந்தை பேரைச் சேர்த்தீங்களா? எமர்ஜென்சியில வேற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா, விதிகளுக்கு உட்பட்டு செலவைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கு. அதுக்கு எல்லா ஒரிஜினல் பில்லும் வேணும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாக்குள்ள இருக்கறவங்களுக்கு. மாசம் 10,000 ரூபாக்கு மேல சம்பளம் வாங்கற வீட்டுக்கு இது பொருந்தாது. அதனாலதான் நம்மள மாதிரி நடுவுல மாட்டிக்கிட்டவங்க சொந்த ஏற்பாடு பண்ணிக்கணும்.

பாடம் 4: திருத்தணியில இருந்து எங்க போறது? முன்னாடியே முடிவு பண்ணுங்க

பணத்தை விட அதிகமா வீணாகறது எது தெரியுமா? வாசல்ல நின்னு “எங்க போலாம்?”னு யோசிக்கற 20 நிமிஷம்.

திருத்தணி மாதிரி ஊர்ல இது சாதாரண கேள்வி இல்ல. 1960-ல் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்து நம்ம பக்கம் வந்த ஊர் இது. இப்பவும் கொஞ்ச தூரம் போனா நகரி, புத்தூர்னு ஆந்திரா ஆரம்பிச்சுடும். ஒரு பக்கம் திருப்பதி சுமார் 65, 70 கிலோமீட்டர். இன்னொரு பக்கம் திருவள்ளூர் சுமார் 40. சென்னை 80-க்கு மேல. அரக்கோணம் சுமார் 15. எல்லாப் பக்கமும் ரோடு இருக்கறதாலயே குழப்பம்.

நான் சொல்ற வரிசை இதுதான்:

முதல் படி – ஊர்லயே இருக்கற அரசு மருத்துவமனை. ராத்திரியும் டியூட்டி டாக்டர் இருக்கற இடம். டாக்டர் ஃபீஸ் இல்ல. ‘கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?’ன்னு முகம் சுளிக்கற பழக்கத்தை முதல்ல விடுங்க. முன்னெச்சரிக்கைக்காகப் போறப்ப நமக்கு முதல்ல தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: குழந்தைக்கு ஆபத்து இருக்கா, இல்லையா. இதைச் சொல்ல ஏசி ரூம் தேவையில்ல. பாம்பு கடி, நாய் கடி மருந்து இலவசமா கிடைக்கறதும் அரசு மருத்துவமனையிலதான்.

ரெண்டாவது படி – மேல் சிகிச்சை. திருவள்ளூர்ல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்குன்னே தனியா இருக்கறது சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. டாக்டர் மேல அனுப்பினா, “எங்க அனுப்பறீங்க, அங்க போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா, ஆம்புலன்ஸ் ஏற்பாடு உண்டா”ன்னு கேளுங்க.

தனியார்னா – பகல்லயே போய்ப் பாருங்க. ராத்திரி குழந்தை டாக்டர் இருப்பாரா, கூப்பிட்டா வருவாரா? சிடி ஸ்கேன் உள்ளேயே இருக்கா? உங்க இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்ல இருக்கா? இந்த மூணு கேள்விக்குப் பதில் வாங்கி போன்ல எழுதி வைங்க.

108 ஆம்புலன்ஸ் இலவசம். ஆனா அந்தந்த மாநிலத்துக்கு அது தனித்தனி ஏற்பாடு. எல்லைப் பக்கத்துல செல்போன் எந்த டவரைப் பிடிக்கும்னு சொல்ல முடியாது. அதனால கூப்பிட்ட உடனே “தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம், திருத்தணி”ன்னு மாநிலத்துல ஆரம்பிச்சு, தெருப் பேரு, அடையாளம்னு வரிசையா சொல்லுங்க.

இன்னொரு விஷயம் நம்ம ஊருக்கே உரியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வர்ற கூட்டத்தையும், டிசம்பர் 31 படித் திருவிழா கூட்டத்தையும் பார்த்திருப்பீங்க. அந்த நாள்கள்ல கார் வாசலுக்கு வரவே நேரமாகும். பைக்ல ஆஸ்பத்திரிக்குப் போற உள் தெரு வழியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வைங்க.

ஒருவேளை “முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம்தான் பார்ப்போம்”னு யாராவது சொன்னா? எமர்ஜென்சியில உயிரைக் காப்பாத்தற சிகிச்சை கொடுக்கறது அரசு டாக்டர், தனியார் டாக்டர் ரெண்டு பேரோட கடமையும்னு 1989-லயே பரமானந்த் கட்டாரா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சண்டை போடாம, ஆனா தெளிவா, “முதல்ல குழந்தையைப் பாருங்க, பில் நான் கட்டறேன்”னு சொல்லுங்க. அப்படித் தைரியமா சொல்ல முடியணும்னா கையில காசு இருக்கணும். அதுதான் அடுத்த பாடம்.

பாடம் 5: ராத்திரி உண்டியல்

குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா நம்ம வீட்டுப் பாட்டிகள் என்ன பண்ணுவாங்க? மஞ்சத் துணியில ஒரு ரூபா முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைப்பாங்க. “முருகா, புள்ள நல்லானா மலைக்கு வந்து உண்டியல்ல போடறேன்.” அப்புறம் வீட்டுல எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அந்தக் காசை யாரும் தொட மாட்டாங்க. அது இன்னதுக்குன்னு முடிஞ்சாச்சு.

அதே ஒழுக்கத்தோட இன்னொரு முடிச்சு போடுங்க. நான் இதை ‘ராத்திரி உண்டியல்’னு சொல்வேன். பாட்டி வேண்டுதலுக்கு இது போட்டி இல்ல, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்.

எவ்வளவு வேணும்? ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். இது உதாரணத்துக்கு மட்டும். உங்க ஊர் ரேட்டைக் கேட்டு மாத்திக்குங்க.

வழி அ – அரசு மருத்துவமனை: ஆட்டோ போக வர 300, கைச்செலவு 100. மொத்தம் 400 ரூபா.

வழி ஆ – தனியார் எமர்ஜென்சி: ஆட்டோ 300, டாக்டர் ஃபீஸ் 600, நாலு மணி நேரம் வச்சுப் பார்த்ததுக்கு 1,200, மருந்து 350. மொத்தம் 2,450 ரூபா.

வழி இ – வெளியூர் தனியார் மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் வரைக்கும்: கார் வாடகை 3,000, எமர்ஜென்சி 1,500, சிடி ஸ்கேன் 3,500, மருந்து 500, சாப்பாடு, டீ 500. மொத்தம் 9,000 ரூபா. மறுநாள் லீவு இல்லாம சம்பளம் பிடிச்சா, 28,000 சம்பளத்துல ஒரு நாளைக்கு சுமார் 933 ரூபா அதுவும் சேரும்.

அப்போ இலக்கு 10,000 ரூபா. வழி ‘இ’ ஒரு தடவை தாங்கும், வழி ‘ஆ’ நாலு தடவை தாங்கும்.

“ஒரே நேரத்துல பத்தாயிரமா?” வேணாம். இந்த மாசச் சம்பளம் வந்த உடனே 2,500 போடுங்க. இன்னைக்கு ராத்திரியே வழி ‘ஆ’வுக்குத் தயார். அப்புறம் மாசம் 625 ரூபா, 12 மாசம். 7,500 சேர்ந்து மொத்தம் 10,000 ஆயிடும். 625 ரூபாங்கிறது ஒரு ஞாயித்துக்கிழமை பிரியாணி பார்சல் செலவு.

எங்க வைக்கணும்? மூணு விதி:

1. சம்பள அக்கவுண்ட்ல வைக்காதீங்க, கரைஞ்சுடும். தனி சேவிங்ஸ் அக்கவுண்ட், யுபிஐ இணைச்சது. மியூச்சுவல் ஃபண்ட், சீட்டு, நகை – எதுவும் வேணாம். இந்தக் காசு வளரணும்னு அவசியம் இல்ல, ராத்திரி 11 மணிக்குக் கையில வரணும்.

2. அதுல 2,000 ரூபா ரொக்கமா, நூறும் ஐநூறுமா, ஆஸ்பத்திரி ஃபைலுக்குள்ள இருக்கட்டும். சர்வர் டவுன், போன்ல சார்ஜ் இல்ல, ஆட்டோக்காரர்கிட்ட ஸ்கேனர் இல்ல – எல்லாம் அன்னைக்குத்தான் நடக்கும்.

3. கணவன், மனைவி, வீட்டுல குழந்தையைப் பார்த்துக்கற பெரியவங்க – எல்லாருக்கும் இது எங்க இருக்குன்னு தெரியணும். நீங்க ஷிஃப்ட்ல இருக்கும்போதுதான் குழந்தை விழும். “அவன்கிட்ட கேட்டுட்டுப் போலாம்”னு அம்மா காத்திருக்கக் கூடாது. “எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, கேட்காம கிளம்புங்க”ன்னு வாய்விட்டுச் சொல்லி வைங்க.

எடுத்தா? குற்ற உணர்ச்சி வேணாம். அடுத்த சம்பளத்துல இருந்து மறுபடி நிரப்புங்க. எடுக்கவே இல்லையா? ரொம்ப சந்தோஷம். குழந்தைக்கு 5 வயசு தாண்டினதும் அதை அப்படியே பொது எமர்ஜென்சி ஃபண்ட்ல சேர்த்துடுங்க.

இது 3 முதல் 6 மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டுக்கு மாற்று இல்ல. அது வேலை போனா பயன்படற பெரிய டேங்க். இது வாசல்ல வைக்கற குடம்.

உண்டியல் இல்லாதவங்க என்ன பண்றாங்க? கிரெடிட் கார்டு. அன்னைக்கு ராத்திரி தேய்க்கறதுல தப்பே இல்ல, குழந்தைதான் முக்கியம். ஆனா கெடு தேதியில முழுசா கட்டாம விட்டா, மாசம் 3.5% வட்டி போடற கார்டுல 9,000 ரூபாக்கு மாசத்துக்கு சுமார் 315 ரூபா வட்டி, அதுக்கு மேல ஜிஎஸ்டி. ரெண்டு நிமிஷத்துல கடன் தர்ற ஆப்கள் பக்கம் போகவே போகாதீங்க.

பாடம் 6: அங்க போய் கேட்க வேண்டிய நாலு கேள்வி

1. “இப்போ நீங்க எதைப் பார்த்து பயப்படறீங்க டாக்டர்?” – இதுக்கு வர்ற பதில்ல பாதி குழப்பம் தீரும்.
2. “இந்த டெஸ்ட் ரிசல்ட் எப்படி வந்தா சிகிச்சை மாறும்?” – தேவையான டெஸ்டைத் தடுக்கற கேள்வி இல்ல இது, தேவையில்லாததைக் குறைக்கற கேள்வி.
3. “எவ்வளவு நேரம் வச்சுப் பார்க்கணும்? இது அட்மிஷனா, அப்சர்வேஷனா?” – இன்ஷூரன்ஸுக்கு இந்த ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.
4. “வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தா திரும்பி வரணும்?” – இதை எழுதி வாங்குங்க. அந்தச் சீட்டு, பில்லை விட விலை அதிகம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

• எச்ஆருக்கு ஒரு மெயில்: “குழந்தை பேர் பாலிசியில சேர்ந்திருக்கா? ஓபிடி உண்டா? 24 மணி நேர விதி இருக்கா?” குழந்தை பிறந்து கெடு நாளைக்குள்ள சேர்க்கலன்னா, சில கம்பெனிகள்ல அடுத்த ரினியூவல் வரைக்கும் காத்திருக்கணும்.
• இஎஸ்ஐ இருந்தா குடும்ப விவரத்தைச் சரிபார்க்கவும்.
• ஒரு ஃபைல்: தடுப்பூசி அட்டை, இன்ஷூரன்ஸ் கார்டு நகல், குழந்தையோட எடை எழுதின சீட்டு, அலர்ஜி விவரம், 2,000 ரூபா ரொக்கம். எடை ஏன்னா, குழந்தைகளுக்கு மருந்து அளவு எடையை வச்சுத்தான்.
• சமையல்கட்டு கதவுல ஒரு பேப்பர்: 108, 104, குழந்தை டாக்டர் நம்பர், தெரிஞ்ச ஆட்டோ அண்ணன் நம்பர் ரெண்டு.
• தனி அக்கவுண்ட்ல முதல் 2,500.

இந்த மூணு வழிக் கணக்கையும் போர்டுல போட்டு நம்ம சேனல் வீடியோவுல விளக்கியிருக்கோம். வீட்டுல பெரியவங்களோட சேர்ந்து உட்கார்ந்து பாருங்க. “விழாம வளர்ற புள்ள எங்க இருக்கு”ன்னு சொல்ற அம்மாவும் சேர்ந்து பார்க்கட்டும்.

இப்போ மறுபடி அந்த ராத்திரி 10:40-க்கு வாங்க. குழந்தை தோள்ல சாஞ்சிருக்கா. தேதி 24. சம்பள அக்கவுண்ட்ல 1,840 ரூபாதான். ஆனா பேங்க் ஆப்பை நீங்க திறக்கவே இல்ல. அலமாரியில இருந்து ஃபைலை எடுக்கறீங்க, ஆட்டோ அண்ணனுக்குப் போன் போடறீங்க. ராத்திரி 3 மணிக்கு டாக்டர் வந்து, குழந்தை கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்து, கன்னத்தைத் தட்டிட்டுச் சொல்றார்: “ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

நானூறோ, ரெண்டாயிரத்து நானூறோ ஆகியிருக்கும். நிம்மதியா கொடுத்துட்டு வாங்க. அடுத்த மாசம் 1-ம் தேதி உண்டியலை மறுபடி நிரப்பிடலாம்.